பிரைமா, பிரிமியமா? மின்சாரக் கார் வாங்கும் முன் ஓர் அறிவியல் கணக்கு

மாணவர்களே, வீட்டில் புதுக் கார் வாங்கும் பேச்சு எழுந்தால் நீங்கள் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? நிறம், திரையின் அளவு, எவ்வளவு வேகமாகப் போகும் என்பதுதானே? அப்பாவும் அம்மாவும் பார்ப்பது மாதத் தவணையை. இரண்டுக்கும் நடுவில் விற்பனையாளர் ஒரு கேள்வி கேட்பார்: "சாதாரண ரகமா, உயர்ந்த ரகமா?" மின்சாரக் காரில் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல உங்கள் அறிவியல் பாடமே உதவும். ஆற்றல், திறன், வேகம், விழுக்காடு ஆகிய நான்கும் தெரிந்தால் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. கடந்த ஓராண்டில் மலேசியாவில் மின்சாரக் கார்களின் விலையும் வரியும் அடுத்தடுத்து மாறின. தம்போயில் என் வகுப்பில் உள்ள மாணவர்களே "சலுகை முடிவதற்குள் வாங்க வேண்டுமாமே, டீச்சர்?" என்று கேட்டார்கள். ஒரு காரின் கடனைக் கட்டி முடிக்கப் பல குடும்பங்களுக்கு ஒன்பது ஆண்டு ஆகிறது. நீங்கள் நான்காம் படிவத்தில் இருக்கும்போது வாங்கிய காருக்கு, நீங்கள் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆகவே அவசரத்தில் முடிவு செய்யாமல் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கிலோவாட் வேறு, கிலோவாட் மணி வேறு

விளம்பரத் தாளில் இரண்டு அலகுகள் அடிக்கடி வரும். பலர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள்.

கிலோவாட் என்பது திறனின் அலகு. ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் பயன்படுகிறது என்பதை அது சொல்லும். காரின் மோட்டார் 85 கிலோவாட் என்றால், முழு வேகத்தில் அது அவ்வளவு திறனைத் தர முடியும்.

கிலோவாட் மணி என்பது ஆற்றலின் அலகு. ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட் மணி. நம் வீட்டு மின்கட்டண ரசீதில் 'யூனிட்' என்று சொல்வதும் இதையேதான். காரின் மின்கலத்தில் எவ்வளவு ஆற்றல் கொள்ளும் என்பதை இந்த அலகில்தான் சொல்வார்கள்.

தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவு கிலோவாட் மணி. குழாயில் தண்ணீர் வரும் வேகம் கிலோவாட். பெரிய குழாய் வைத்துவிட்டால் தொட்டி பெரிதாகிவிடாது.

நான்கு கார்கள், இரண்டு வித்தியாசங்கள்

நமக்குப் பழக்கமான புரோட்டோனையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பரில் அது தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ வெளியிட்டது. 2025 அக்டோபர் இறுதியில் அதைவிடச் சிறிய இ.மாஸ் 5 வந்தது. இரண்டிலும் பிரைம், பிரிமியம் என இரண்டு ரகங்கள் உண்டு. அறிமுகக் காலத் தள்ளுபடி நீங்கலாக அறிவிக்கப்பட்ட விலைகள் இவை:

இ.மாஸ் 5 பிரைம்: 30.12 கிலோவாட் மணி, 225 கிலோமீட்டர், 59,800 ரிங்கிட்.
இ.மாஸ் 5 பிரிமியம்: 40.16 கிலோவாட் மணி, 325 கிலோமீட்டர், 72,800 ரிங்கிட்.
இ.மாஸ் 7 பிரைம்: 49.52 கிலோவாட் மணி, 345 கிலோமீட்டர், 109,800 ரிங்கிட்.
இ.மாஸ் 7 பிரிமியம்: 60.22 கிலோவாட் மணி, 410 கிலோமீட்டர், 123,800 ரிங்கிட்.

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது. நீங்கள் இதைப் படிக்கும் நாளில் உள்ள விலையை வைத்துச் செய்து பாருங்கள்.

இப்போது வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். சிறிய காரில் மேல் ரகத்துக்கு 13,000 ரிங்கிட் கூடுதல், கிடைப்பது 10.04 கிலோவாட் மணி. பெரிய காரில் 14,000 ரிங்கிட் கூடுதல், கிடைப்பது 10.7 கிலோவாட் மணி. வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறக்குறைய 1,300 ரிங்கிட் வருகிறது. இந்தப் பணத்தில் மின்கலம் மட்டும் வருவதில்லை. மேல் ரகத்துக்கே உரிய சில வசதிகளும் சேர்ந்து வருகின்றன. இ.மாஸ் 5-இல் மோட்டாரும் 58 கிலோவாட்டிலிருந்து 85 கிலோவாட்டாக உயர்கிறது. ஆனாலும் பெரும்பாலோர் கூடுதல் பணம் கொடுப்பது கூடுதல் தூரத்துக்காகத்தான்.

ஒன்பது ஆண்டு என்பது 108 மாதம். 13,000 ரிங்கிட்டை 108-ஆல் வகுத்தால் மாதம் 120 ரிங்கிட். வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. அந்த 120 ரிங்கிட்டுக்கு உங்கள் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? அதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

225 கிலோமீட்டர் என்றால் உண்மையில் எவ்வளவு?

மேலே சொன்ன தூரங்கள் டபிள்யூ.எல்.டி.பி. எனும் அனைத்துலகச் சோதனை முறைப்படி அளந்தவை. காரை ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி ஓட்டுவார்கள். அரை மணி நேரம், ஏறக்குறைய 23 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டர் அளவு. அறையின் வெப்பநிலை 23 பாகை செல்சியஸ். குளிர்சாதனம் அணைக்கப்பட்டிருக்கும்.

சில விளம்பரங்களில் என்.இ.டி.சி. என்ற பழைய முறையின் எண்ணைப் போடுவார்கள். அதில் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் அளவுதான். மெதுவாக ஓட்டினால் தூரம் கூடுதலாக வரும் என்பதால் அந்த எண் பெரிதாகத் தெரியும். ஒரு காரின் என்.இ.டி.சி. எண்ணையும் இன்னொரு காரின் டபிள்யூ.எல்.டி.பி. எண்ணையும் ஒப்பிடுவது, ஒருவருடைய உயரத்தை அங்குலத்திலும் மற்றவருடைய உயரத்தைச் சென்டிமீட்டரிலும் அளந்து ஒப்பிடுவது போன்றது.

நெடுஞ்சாலையில் தூரம் ஏன் குறைகிறது? காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதிகரிக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் 110-க்கு வேகத்தைக் கூட்டினால், வேகம் 22 விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றை எதிர்த்துச் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுகிறது. 110-ஐ 90-ஆல் வகுத்து, வந்த விடையை வர்க்கப்படுத்துங்கள், 1.49 வரும். டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு அவ்வளவாக மாறாததால், மொத்தச் செலவு அந்த அளவு உயராது. என்றாலும் பயணத் தூரம் நன்றாகவே குறையும்.

குளிர்சாதனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது ஏறக்குறைய 1.5 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெப்ராவ் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் கார் ஓடாமலே 1.5 கிலோவாட் மணி போய்விடும். அது பத்துக் கிலோமீட்டர் ஓடப் போதுமான ஆற்றல்.

ஆகவே நெடுஞ்சாலைப் பயணத்துக்கு, விளம்பரத்தில் உள்ள தூரத்தில் 80 விழுக்காட்டை எடுத்துக்கொள்வோம். இது துல்லியமான விதி அன்று, பாதுகாப்பான மதிப்பீடு.

முதல் கணக்கு: அன்றாடப் பயணம்

தம்போயில் குடியிருந்து பாசிர் கூடாங்கில் வேலை செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். போக வர நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் என்று வைப்போம். சிறிய மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 14 கிலோவாட் மணி எடுத்தால், 60 கிலோமீட்டருக்கு 8.4 கிலோவாட் மணி போதும்.

இ.மாஸ் 5 பிரைமின் 30 கிலோவாட் மணியில் இது 28 விழுக்காடு. பிரிமியத்தில் 21 விழுக்காடு. இரண்டுமே எளிதாகத் தாங்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு மின்கலத்தின் கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று வைத்தாலும், பிரைம் இந்த வேலையைச் செய்யும். ஆகவே அன்றாடப் பயணத்தை மட்டும் பார்த்தால் மேல் ரகம் தேவையில்லை.

இதில் செலவையும் பார்ப்போம். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தெனாகா வீட்டுக் கட்டணப்படி, மாதம் 1,500 கிலோவாட் மணிக்கு மேல் போகாத வீட்டுக்கு ஒரு கிலோவாட் மணி 44.43 சென். இது கழிவுகளும் மாதாந்தர மாற்றங்களும் சேராத அடிப்படை விலை. மின்னேற்றத்தின்போது கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகும். அதையும் சேர்த்து நாளுக்கு 9.3 கிலோவாட் மணி என்றால் செலவு 4 ரிங்கிட் 13 சென்.

அதே தூரத்துக்குப் பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் வீதம் 3.6 லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய பூடி95 விலையான லிட்டருக்கு 1.99 ரிங்கிட்படி, செலவு 7 ரிங்கிட் 16 சென்.

பொது இடத்து விரைவு மின்னேற்றியில் என்ன ஆகும்? அங்கே கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு கிலோவாட் மணிக்கு 1.20 ரிங்கிட் என்று வைத்தால் 8.4 கிலோவாட் மணிக்கு 10 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். உதவித்தொகை பெற்ற பெட்ரோலைவிட அது அதிகம்!

இந்த மூன்று எண்களையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள்: வீட்டில் 4 ரிங்கிட், பெட்ரோல் 7 ரிங்கிட், விரைவு மின்னேற்றி 10 ரிங்கிட். மின்சாரக் கார் மலிவா என்பதை முடிவு செய்வதில், எந்த ரகம் என்பதைவிட எங்கே மின்னேற்றம் செய்யப் போகிறோம் என்பதே பெரிய பங்கு வகிக்கிறது.

தரை வீட்டில் இருப்பவர்களுக்குச் சாதாரண மூன்று முனைச் செருகியே பெரும்பாலும் போதும். 240 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 2.4 கிலோவாட். அன்றாடத் தேவையான 9.3 கிலோவாட் மணியை நிரப்ப நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். இரவு தூங்கி எழுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் பழைய வீடுகளில் கம்பிகள் சூடேறும் ஆபத்து உண்டு. பல மணி நேரம் தொடர்ந்து மின்னோட்டம் எடுக்கும் கருவி இது என்பதால், தகுதி பெற்ற மின்பணியாளரிடம் வயரிங்கைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. நான்காம் மாடியிலிருந்து கீழே கார் நிறுத்துமிடத்துக்கு வயரைத் தொங்கவிட முடியாது; அது ஆபத்து. குடியிருப்பு நிர்வாகம் மின்னேற்றி வைக்காவிட்டால் பொது மின்னேற்றியை நம்ப வேண்டும். ஐந்து வேலை நாளுக்கு 42 கிலோவாட் மணி தேவை. 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை ஏற்றினால் பிரைமில் ஒரு முறைக்கு 18, பிரிமியத்தில் 24 கிலோவாட் மணி ஏறும். அப்படியானால் பிரைமுக்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை போக வேண்டும். பிரிமியத்துக்கு இரண்டு முறை. வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் எண்ணினால், இவர்களுக்குப் பெரிய மின்கலம் கொஞ்சம் பயன் தரும். அதே வேளையில், வீட்டில் மின்னேற்றம் செய்ய வழியில்லாத குடும்பம் மின்சாரக் கார் வாங்குவதையே இன்னொரு முறை யோசிக்கலாம்.

இரண்டாம் கணக்கு: தைப்பூசத்துக்குப் பத்துமலை

"எப்போதும் பாசிர் கூடாங்தான் போவோமா? தைப்பூசத்துக்குப் பத்துமலை போக வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் தம்போயிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 330 கிலோமீட்டர். முழு மின்கலத்துடன் புறப்பட்டு, 10 விழுக்காடு மீதம் இருக்கும்போது நிறுத்தி ஏற்றி, போய்ச் சேரும்போதும் 10 விழுக்காடு மீதம் இருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வோம். விரைவு மின்னேற்றியில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறுவது மிக மெதுவாகும் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்வோம்.

முதலில் இ.மாஸ் 7. பிரைமின் நெடுஞ்சாலைத் தூரம் 276 கிலோமீட்டர். அதில் 90 விழுக்காடு 248. இன்னும் 82 கிலோமீட்டர் பாக்கி. அதற்கு 30 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 15 கிலோவாட் மணி ஏற்ற வேண்டும். பிரிமியத்தின் நெடுஞ்சாலைத் தூரம் 328. அதில் 90 விழுக்காடு 295. பாக்கி 35 கிலோமீட்டர். ஏற்ற வேண்டியது 6.4 கிலோவாட் மணி.

கவனித்தீர்களா? இரண்டு ரகமும் ஒரு முறை நிற்க வேண்டியிருக்கிறது. மின்னேற்றி சராசரி 60 கிலோவாட் தந்தால் பிரைமுக்கு 15 நிமிடம், பிரிமியத்துக்கு 6 நிமிடத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் ஏறக்குறைய 8 நிமிடம். ஆண்டுக்கு நான்கு முறை போய்வந்தால் எட்டுப் பயணம். மிச்சமாவது ஒரு மணி நேரம் அளவு. ஒன்பது ஆண்டில் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. அதற்கு விலை 14,000 ரிங்கிட். 330 கிலோமீட்டர் ஓட்டியவர் எப்படியும் ஆயர் குரோவில் இறங்கி ஒரு தேநீர் குடிப்பார். அந்த 8 நிமிடம் அதிலேயே கழிந்துவிடும்.

இப்போது இ.மாஸ் 5. பிரைமின் நெடுஞ்சாலைத் தூரம் 180 கிலோமீட்டர். அதில் 90 விழுக்காடு 162. முதல் நிறுத்தத்தில் 10-இலிருந்து 80 விழுக்காடு வரை ஏற்றினால் மேலும் 126 கிலோமீட்டர். மொத்தம் 288. போய்ச் சேர இன்னும் 42 கிலோமீட்டர் குறைகிறது. ஆகவே இரண்டாம் முறை நிற்க வேண்டும். பிரிமியத்தின் நெடுஞ்சாலைத் தூரம் 260. அதில் 90 விழுக்காடு 234. பாக்கி 96 கிலோமீட்டருக்கு ஒரே நிறுத்தம் போதும்.

இங்கே மேல் ரகம் ஒரு நிறுத்தத்தையே குறைக்கிறது. திருநாள் காலத்தில் மின்னேற்றிக்கு முன்னால் நான்கு கார் காத்திருந்தால், ஒரு நிறுத்தம் குறைவது அரை மணி நேரத்துக்கு மேலும் மிச்சமாக்கலாம்.

இந்தப் பாடத்தின் முக்கியப் புள்ளி இதுதான். இரண்டு காரிலும் கூடுதல் பணம் ஏறக்குறைய ஒன்று. கூடுதல் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் கிடைக்கும் பயன் வேறு. தொட்டி சிறிதாக இருக்கும்போது சேர்க்கும் பத்து கிலோவாட் மணி பயணத்தையே மாற்றுகிறது. தொட்டி ஏற்கெனவே பெரிதாக இருந்தால் அதே பத்து கிலோவாட் மணி சில நிமிடங்களை மட்டுமே மாற்றுகிறது. பசியோடு இருப்பவனுக்குக் கிடைக்கும் முதல் தோசைக்கும் ஐந்தாம் தோசைக்கும் உள்ள வித்தியாசம் அது.

அதற்காக இ.மாஸ் 5 வாங்குவோர் எல்லாரும் பிரிமியமே எடுக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறைதான் கோலாலம்பூர் போவோம் என்ற குடும்பத்துக்கு வேறு வழிகளும் உண்டு. 2025 டிசம்பரிலிருந்து ஜே.பி. சென்ட்ரலுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இ.டி.எஸ். மின்ரயில் ஓடுகிறது. 13,000 ரிங்கிட்டில் எத்தனை டிக்கெட் வாங்கலாம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

வரி மாறினால் கணக்கு மாறுமா?

இனி, "சலுகை முடிவதற்குள் வாங்க வேண்டுமா?" என்ற கேள்விக்கு வருவோம். மலேசியாவில் மூன்று வகையான வரிகள் இதில் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதலாவது, காரின் விலைக்குள் மறைந்திருக்கும் வரி. வெளிநாட்டில் முழுமையாகத் தயாரித்து இறக்கும் மின்சாரக் காருக்கு 2022 முதல் இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டிருந்தன. அந்த விலக்கு 2025 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிந்தது. உதிரிப்பாகங்களைக் கொண்டுவந்து இங்கேயே பூட்டும் கார்களுக்கான விலக்கு 2027 இறுதி வரை உண்டு. உள்நாட்டில் தொழிற்சாலையும் வேலையும் பெருக வேண்டும் என்பதே இந்த வேறுபாட்டின் நோக்கம். புரோட்டோன் 2025 செப்டம்பரில் பேராக் தஞ்சோங் மாலிமில் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது இந்தக் கொள்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செய்தி. எனவே ஒரு காரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எங்கே பூட்டப்பட்டது?" என்பதாகும்.

இரண்டாவது, சாலை வரி. 2025 இறுதி வரை மின்சாரக் காருக்குச் சாலை வரி கிடையாது. 2026 ஜனவரி 1 முதல் உண்டு. பெட்ரோல் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவு அடிப்படை. மின்சாரக் காருக்கு மோட்டாரின் திறன், அதாவது கிலோவாட், அடிப்படை. புதிய அட்டவணைப்படி 58 கிலோவாட் உள்ள இ.மாஸ் 5 பிரைமுக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட். 85 கிலோவாட் உள்ள பிரிமியத்துக்கு 60 ரிங்கிட். இ.மாஸ் 7-இன் இரண்டு ரகத்திலும் மோட்டார் 160 கிலோவாட்தான். ஆகவே இரண்டுக்கும் ஒரே வரி, 180 ரிங்கிட். மின்கலம் பெரிதானாலும் சாலை வரி கூடவில்லை என்பதைக் கவனியுங்கள். கிலோவாட்டும் கிலோவாட் மணியும் வேறு என்று தொடக்கத்தில் படித்தோமே, அது இங்கே உதவுகிறது. ஆண்டுக்கு 30 ரிங்கிட் வித்தியாசத்துக்காக ரகத்தை மாற்றத் தேவையில்லை.

மூன்றாவது, வருமான வரி. வீட்டில் மின்னேற்றி வாங்கிப் பொருத்தும் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. இது 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பலர் இதை "அரசாங்கம் 2,500 ரிங்கிட் தருகிறது" என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. வரி போடுவதற்கு முன் உங்கள் அப்பாவின் வருமானத்திலிருந்து 2,500 ரிங்கிட்டைக் கழிப்பார்கள். அவர் 11 விழுக்காட்டுப் படியில் இருந்தால் மிச்சமாவது 2,500-இல் 11 விழுக்காடு, அதாவது 275 ரிங்கிட். 6 விழுக்காட்டுப் படியில் இருந்தால் 150 ரிங்கிட். வருமான வரியே கட்டாதவருக்கு மிச்சம் எதுவும் இல்லை.

அமெரிக்காவில் இருந்தது வேறு வகை. அங்கே புதிய மின்சாரக் காருக்கு 7,500 டாலர் வரை வரிக் கழிவு தந்தார்கள். அது வருமானத்திலிருந்து கழிப்பதன்று. கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிப்பது. அதற்கு விலை உச்சவரம்பும் இருந்தது: சாதாரணக் காருக்கு 55,000 டாலர், பெரிய எஸ்.யூ.வி. வகைக்கு 80,000 டாலர். 2023 தொடக்கத்தில் டெஸ்லா மாடல் ஒய் காரின் ஐந்து இருக்கை ரகங்கள் முதலில் சாதாரணக் கார் என்றும், சில வாரங்கள் கழித்துப் பிப்ரவரியில் எஸ்.யூ.வி. என்றும் வகைப்படுத்தப்பட்டன. காரில் எந்த மாற்றமும் இல்லை. தாளில் இருந்த ஒரு கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். அந்தக் கழிவு 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. கடைசி மாதங்களில் மக்கள் முந்திக்கொண்டு வாங்கினார்கள். அடுத்த மாதமே விற்பனை சரிந்தது.

நம் பாலத்துக்கு அப்பாலும் இதே நிலைதான். சிங்கப்பூரில் மின்சாரக் காருக்கான தொடக்கக்கால ஊக்கத்தொகையின் உச்சவரம்பு 15,000 வெள்ளியிலிருந்து 2026 ஜனவரியில் 7,500 வெள்ளியாகக் குறைந்தது. 2026 இறுதியில் அத்திட்டம் முடிகிறது.

இவற்றிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? சலுகைகள் வரும், குறையும், போகும். அவை பெரும்பாலும் காரின் அடிப்படை விலையைத்தான் மாற்றுகின்றன. ஒரே காரின் இரண்டு ரகங்களில் எது உங்கள் வீட்டுக்குப் போதும் என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. அன்றாடம் 60 கிலோமீட்டர் என்றால், வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது 60 கிலோமீட்டர்தான். "சலுகையில் 4,000 ரிங்கிட் மிச்சமாயிற்று, ஆகவே 14,000 ரிங்கிட் கூடுதலான ரகத்தை எடுக்கலாம்" என்பது தவறான கழித்தல். கடைசி நாள் நெருங்கும்போது இந்தத் தவறு எளிதாக நடக்கும். அவசரம் காட்டும் விளம்பரத்தில் சேமிப்பு பெரிய எழுத்தில் இருக்கும். செலவு சிறிய எழுத்தில் இருக்கும்.

யாருக்கு எது?

நாம் போட்ட கணக்குகளைத் தொகுத்தால் சில வழிகாட்டுதல்கள் கிடைக்கின்றன.

தரை வீடு, அன்றாடம் 100 கிலோமீட்டருக்குள் பயணம், நெடுந்தூரம் எப்போதாவது என்றால் கீழ் ரகமே போதும். மிச்சமாகும் மாதம் 120 ரிங்கிட் உங்கள் மேற்படிப்புச் சேமிப்புக்குப் போகலாம்.

அடுக்குமாடி வீடு, பொது மின்னேற்றியை மட்டும் நம்ப வேண்டும் என்றால், மேல் ரகம் ஓரளவு வசதி. ஆனால் முதலில் செலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வாடகைக் கார் ஓட்டுபவர், நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும் விற்பனைப் பிரதிநிதி ஆகியோருக்கு மேல் ரகம் வசதியைவிடத் தேவை எனலாம். வேலை நேரத்தில் மின்னேற்றிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் அவர்களுக்கு வருமான இழப்பு.

செய்து பாருங்கள்

இந்த வாரம் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ஏழு நாள்களுக்கு, உங்கள் குடும்பக் காரின் ஓடுதூர எண்ணைக் காலையும் இரவும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் ஓடிய தூரத்தைக் கண்டுபிடியுங்கள். அதை 0.14-ஆல் பெருக்கினால் அன்றைக்குத் தேவையான கிலோவாட் மணி கிடைக்கும். ஏழு நாளில் மிகப் பெரிய எண் எது? அது 30-ஐத் தாண்டுகிறதா? பிறகு, கடந்த ஓராண்டில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் எத்தனை முறை போனீர்கள் என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டு எழுதுங்கள்.

இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் குடும்பத்திடம் விற்பனையாளர் "பிரைமா, பிரிமியமா?" என்று கேட்டால், பதில் ஏற்கெனவே உங்கள் குறிப்பேட்டில் இருக்கும்.